சரிவில் நிறுத்தி ஒயில் பார்க்கலாமா?

இடம்பெயர்ந்து வந்து புதிய காணிகளில் மரக்கறி செய்கின்ற குடும்பங்கள் நான்கைந்து சேர்ந்து, பழைய காரையோ வானையோ வாங்கிக் கொள்வதை ஊவாவில் பல இடங்களில் காண்கிறோம். போஞ்சியையும் லீக்ஸையும் வாடகை வண்டியில் கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு அனுப்பினால், கையில் மிஞ்சுவது சொற்பமே. ஆனால் சொந்த வண்டியின் எஞ்சின் ஒருமுறை இறுகி நின்றுவிட்டால், ஒரு போகத்து உழைப்பு கராஜுக்குப் போய்விடும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இன் தொடக்கத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதனால் பழைய வண்டியும் மலிவாகக் கிடைப்பதில்லை.

எஞ்சின் ஒயிலை அடிக்கடி பார்ப்போர் பலர். ஆனால் சரிவில் நிறுத்திப் பார்க்கின்றார்கள். பதுளை மாவட்டத்தில் லயத்துக்கு முன்னும் சரிவு, பின்னும் சரிவு. வேறு என்ன செய்வது என்று கேட்கலாம். ஒரு சிறிய கணக்கைப் பாருங்கள். பத்தடிக்கு ஓரடி உயரும் பாதையில் வண்டி நிற்கிறது. ஒயில் பார்க்கும் கம்பி, ஒயில் தொட்டியின் நடுவிலிருந்து 10 சென்றிமீற்றர் தள்ளி இருக்கிறது. அப்போது கம்பி காட்டும் அளவு ஏறக்குறைய 1 சென்றிமீற்றர் பிழைக்கும். கம்பியின் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடைவெளியோ பல வண்டிகளில் ஒன்றரை, இரண்டு சென்றிமீற்றர்தான். அந்த இடைவெளி சுமார் 1 லீற்றர் ஒயிலைக் குறிக்கும். அப்படியானால் அரை லீற்றர் அளவுக்கு நாம் ஏமாந்துவிடலாம்.

குறைவாகக் காட்டினால் தேவையில்லாமல் ஊற்றுவோம். கூடிப்போன ஒயிலைச் சுழலும் தண்டு அடித்து நுரையாக்கும். நுரை எஞ்சினைக் காக்காது. நிறைவாகக் காட்டினால் ஆபத்து இன்னும் பெரிது. வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறும் பாதை 800 மீற்றருக்கும் மேல் உயர்கிறது. குறைந்த ஒயிலோடு அந்த வளைவுகளில் ஏறும்போது, ஒயில் ஒருபக்கம் ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சும்.

ஆகவே முதலில் சமதரை தேடுங்கள். பிரட்டுக்களம், தொழிற்சாலை முற்றம், கோவில் வளவு, ஏதாவது ஒன்று அருகில் இருக்கும். சந்தேகமாயின், காணியில் சமவுயரக் கோடு போடப் பாவிக்கும் அதே ‘ஏ’ சட்டத்தை நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் நிலத்தில் வைத்துப் பாருங்கள். கல் கட்டிய கயிறு நடுக்கோட்டில் நின்றால் இடம் சரி.

ஓடி வந்த வண்டியாயின், எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் பொறுங்கள். மேலே ஏறிய ஒயில் கீழே வடிய வேண்டும். சில வண்டிகளில் எஞ்சின் ஆறிய பின்பே பார்க்கச் சொல்லியிருப்பார்கள். வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். (மூன்றாவது கைக்கு மாறும்போது அந்தப் புத்தகம் எப்படியோ காணாமற் போய்விடுகிறது!) கம்பியை முதல் தடவை இழுத்ததும் தெரியும் அளவை நம்பக் கூடாது. நூல் உதிராத துணியால் துடைத்து, அடிவரை செருகி, மீண்டும் இழுத்து இரு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் தெரிந்தால் குறைந்ததே கணக்கு. குறைந்திருந்தால் ஒரு கோப்பை அளவு ஊற்றி, சற்றுப் பொறுத்து, மறுபடி பார்ப்பது நல்லது.

சிவப்பு விளக்கு எரியவில்லைதானே என்று இருப்போரும் உண்டு. அவ்விளக்கு சொல்வது ஒயிலின் அழுத்தத்தை, அளவை அல்ல. அது எரியுமட்டும் காத்திருப்பவர் பெரும்பாலும் பிந்திவிடுவார்.

டீசல் வண்டியில் ஒயில் விரைவில் கறுப்பது வழமை, பயப்பட வேண்டாம். பால் விட்ட தேத்தண்ணீர் போல் கம்பியில் தெரிந்தால் மட்டும் தண்ணீர் கலந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். வண்டியை ஓட்டிச் செல்லாமல் மெக்கானிக்கை அழையுங்கள். ஆனால் அப்புத்தளைக் குளிரில் குறுந்தூரம் மட்டும் ஓடும் வண்டியில், ஒயில் ஊற்றும் மூடியின் அடியில் சிறிது வெண்பசை படிவதுண்டு. கம்பியில் ஒயில் தெளிவாக இருந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறையாதிருந்தால், அது பெரும்பாலும் குளிரில் படிந்த ஈரம்தான்.