புத்தாண்டும் பழங்கொப்பியும்

புதிய கல்வியாண்டு நெருங்குந்தோறும் பெற்றோர் மனத்திலே செலவுக் கணக்கும் எழுகின்றது. இலங்கையில் 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1980இல் பாடநூல்களும், 1993இல் சீருடைத் துணியும் இலவசமாயின. எனினும், கொப்பிச் செலவு பெரும்பாலும் பெற்றோர் தலைமேலேயே நிற்கின்றது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியிலே, கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன.

கொப்பியின்றி வர நாணும் பிள்ளை முதல் வாரப் பாடங்களை இழந்துவிடுகின்றது. பின்னர் அவற்றை ஈடுசெய்தல் எளிதன்று. ஆதலால், பெற்றோரே, சென்ற ஆண்டுக் கொப்பிகளில் எஞ்சிய வெற்றுத் தாள்களைச் சேர்த்துத் தைத்துக் கொடுப்பீராக, அதில் இழுக்கொன்றுமில்லை. ஆசிரியப் பெருமக்களே, அக்கொப்பியோடு வரும் பிள்ளையை வாயிலிலே நிறுத்தி வினவாதீர்கள். முன்வாங்கிலே அமர்த்திப் பாடத்தைத் தொடங்குங்கள்.