பணம் கொடுப்பவரும் பார்க்க வேண்டியது

புக்கிட் ரம்பாய் வட்டாரத் தோட்டங்களில் பால் வெட்டிய குடும்பங்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. வாளியில் வந்த பாலை நிறுத்ததும் கிராணி கணக்கை முடித்துவிட மாட்டார். கொஞ்சம் பாலை எடுத்து, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று சோதிப்பார். தண்ணீர் கலந்தால் எடை கூடும்; ரப்பர் கூடாது. எடைக்கு மட்டும் கூலி கொடுத்தால், நேர்மையாக வெட்டியவர்தான் ஏமாந்து போவார்.

ஆராய்ச்சிக்கும் இதே நியாயம்தான். 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், ஏற்றுமதி ரப்பர் மீது விதிக்கப்பட்ட செஸ் வரியில் நடந்தது. அந்த ரப்பருக்கான பாலை வெட்டியவர்களில் நம் பாட்டன் பாட்டிமாரும் இருந்தார்கள். கழகம் ஒரு கன்று வகை நல்லது என்றால் அதை நம்பி நடுவார்கள். ரப்பர் மரம் பால் தர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் அதுவே பிழைப்பு. ஆய்வுக் கணக்கில் ஒரு பொய் எண் புகுந்தால், சிறுதோட்டக்காரரின் பாதி வாழ்நாள் வீணாகும்.

பொய் எண் புகுவதும் உண்டு. அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர், எய்ட்ஸ் தடுப்பூசி பலன் தருவதாகக் காட்ட, முயலின் இரத்த மாதிரியில் மனித இரத்தத்தின் எதிர்ப்புப் பொருளைக் கலந்தார். அதை நம்பி அரசாங்கப் பணம் கொட்டியது. வேறோர் ஆய்வுக்கூடம் சோதித்தபோதுதான் 2013-ல் குட்டு வெளிப்பட்டது. 2015-ல் அவருக்கு 57 மாதச் சிறையும், 72 இலட்சம் டாலரைத் திருப்பிக் கட்டும் தண்டனையும் கிடைத்தன.

தண்டனை கடைசி வழி. பணம் கொடுக்கும் அமைப்பு முன்கூட்டியே செய்யக்கூடியவை மூன்று. ஒன்று, ஆய்வு நெறியில் பயிற்சி பெற்றவருக்கே நிதி தருவது. இரண்டு, மூலக் குறிப்புகளைப் பத்திரப்படுத்தி, கேட்டால் காட்ட வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது. மூன்று, பிறர் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கவும் பணம் ஒதுக்குவது.

அமைப்புகள் தங்களையும் திருத்திக்கொள்ள வேண்டும். எத்தனை கட்டுரை வெளிவந்தது என்று மட்டும் எண்ணி நிதி கொடுத்தால், அது பாலை எடை மட்டும் பார்த்து வாங்குவதாகும். “நினைத்தது பலிக்கவில்லை” என்று உண்மை சொல்பவருக்கு அடுத்த முறை நிதி மறுத்தால், பொய் சொல்ல நாமே கற்றுக்கொடுக்கிறோம். வகுப்பறையிலும் அப்படித்தான். விடையை மட்டும் திருத்தினால் பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். வழியையும் காட்டச் சொன்னால் கணக்குப் போடுவார்கள்.

2010-ல் சிங்கப்பூர் மாநாட்டிலிருந்து ஆய்வு நேர்மை பற்றிய உலக அறிக்கை ஒன்று பிறந்தது. நம் நாட்டிலும் பொறுப்பான ஆய்வு நடத்தைக்கான மலேசிய நெறிமுறை 2017-ல் வந்தது. விதிகள் இருக்கின்றன. பணப்பையைத் திறப்பவர் அவற்றைக் கேட்டால்தான் அவை உயிர் பெறும். அந்தப் பையில் இருப்பது நம் வரிப்பணம். ஆகவே கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.