விரிய இயலாத இருதயம்

மட்டக்களப்பு வாவியிலே வீச்சுவலை எறிவோரைக் கண்டிருப்பீர்கள். வலை வட்டமாய் விரிந்து வீழும், இழுத்தால் சுருங்கும். நம் இருதயமும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை அவ்வாறே விரிந்து சுருங்குகின்றது.

டுசேன் தசைத் தேய்வு என்னும் பரம்பரை நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே பற்றுவது. தசைக் கலத்தின் மென்சவ்வை உள்ளிருந்து தாங்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் (1987இல் பெயர் பெற்றது) இவர்களிடம் இல்லை. தேய்ந்த தசை தளர்ந்திருக்கும் என்றே நாம் எண்ணுவோம். இருதயக் கலமோ நேர்மாறு! 2005இல் மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தார் இப்புரதமற்ற எலிகளின் இருதயக் கலங்களைத் தனித்தனியே இழுத்துப் பார்த்தனர். அவை விறைத்து நின்றன. சவ்விலே நுண்ணிய கிழிசல் விழுந்து கல்சியம் உட்புகுந்தது. பொலொக்ஸமர் 188 என்னும் பொருள், வலையின் கிழிசலைப் பொத்துவதுபோல் அதனை அடைத்ததும், கலம் மீண்டும் இளகியது. எனினும் எலியிற் கண்டது இன்னும் மனிதருக்கு மருந்தாகிவிடவில்லை.

ஓடியாட இயலாத பிள்ளைக்கு மூச்சிரைப்பும் வெளிப்படுவதில்லை; இருதயக் கேடு மறைந்தே வளரும். ஆதலால், தொடையிலே கையூன்றித் தரையைவிட்டு எழும் சிறுவனை வைத்தியரிடம் காட்டுங்கள். நோய் உறுதியானால், அன்றும் பின்னர் ஆண்டுதோறும், இருதயத்தையும் சோதிக்கும்படி கேளுங்கள்.