அறுவை மகப்பேற்றுக்குப் பிந்தைய இரத்தச்சோகை

அறுவை மகப்பேற்றுக்குப் பிந்தைய இரத்தச்சோகை என்பது, சிசேரியன் மூலம் குழந்தை பெற்ற பெண்ணின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு குறைந்திருக்கும் நிலையாகும். மகப்பேற்றுக்குப் பின் ஒரு டெசிலிட்டருக்கு 10 கிராமுக்குக் கீழ் இருந்தால் இரத்தச்சோகை எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. இரும்புச்சத்துக் குறைபாடே இதன் முதன்மைக் காரணம். களைப்பு, மூச்சுவாங்குதல், தலைச்சுற்றல், படபடப்பு ஆகியவை அறிகுறிகளாகும். அறுவையாலும் தூக்கமின்மையாலும் வந்த அசதி என்று இவற்றை எண்ணிவிடுவதால், நோய் பல நேரங்களில் கவனிக்கப்படுவதில்லை.

காரணங்கள்

கர்ப்ப காலத்திலேயே குழந்தையின் வளர்ச்சிக்காகத் தாயின் இரும்பு இருப்பு குறைகிறது. அறுவையில் ஏற்படும் இரத்த இழப்பு அதை மேலும் குறைக்கிறது. 1 கிராம் ஹீமோகுளோபினில் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு உள்ளது. ஹீமோகுளோபின் 11 கிராம் உள்ள பெண் 1000 மில்லிலிட்டர் இரத்தத்தை இழந்தால், ஏறத்தாழ 370 மில்லிகிராம் இரும்பு வெளியேறும். உணவிலிருந்து உடல் வழக்கமாக நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் இரும்பை மட்டுமே உறிஞ்சுகிறது. எனவே கீரை, மீன், இறைச்சி, பயறு வகைகள் உதவினாலும், உணவால் மட்டும் இக்குறையை விரைவில் ஈடுசெய்ய இயலாது.

கண்டறிதல்

ஹீமோகுளோபின் பரிசோதனையால் நோய் அறியப்படுகிறது. ஃபெரிட்டின் என்னும் புரதத்தின் அளவு உடலின் இரும்பு இருப்பைக் காட்டும். ஆனால் அறுவைக்குப் பிந்தைய அழற்சியால் அது உயரக்கூடும். ஆகவே ஃபெரிட்டின் இயல்பாக இருப்பதால் மட்டும் குறைபாடு இல்லை எனக் கூற முடியாது.

சிகிச்சை

மாத்திரைகள்: இலேசான நிலையில் இரும்பு மாத்திரைகள் போதுமானவை. இந்தியாவின் 'அனீமியா முக்த் பாரத்' திட்டத்தின்படி, இரத்தச்சோகை இல்லாத தாய்மாருக்கும் தடுப்பு முறையாக 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை மகப்பேற்றுக்குப் பின் 180 நாள்கள் வழங்கப்படுகிறது. இரத்தச்சோகை இருந்தால் அளவை மருத்துவர் முடிவு செய்வார். தேநீர், காபி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவை இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைப்பதால், அவற்றோடு சேர்த்து உண்ணக்கூடாது. மலம் கறுப்பது இயல்பு. மலச்சிக்கல் ஏற்பட்டால் மாத்திரையை நிறுத்தாமல் மருத்துவரிடம் கூற வேண்டும்.

நரம்பு வழி இரும்பு: அழற்சியின்போது ஹெப்சிடின் என்னும் இயக்குநீர் கூடி, குடலில் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. மாத்திரை பலன் தராதபோதும், ஒத்துக்கொள்ளாதபோதும், சோகை கடுமையாக இருக்கும்போதும் அயர்ன் சுக்ரோஸ் அல்லது ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் நரம்பு வழியாகச் செலுத்தப்படுகிறது. தேவையான அளவு உடல் எடையையும் ஹீமோகுளோபின் குறைவையும் கொண்டு கணக்கிடப்படும். 50 கிலோ எடையும் 8 கிராம் ஹீமோகுளோபினும் உள்ள பெண்ணுக்கு 12 கிராமை இலக்காகக் கொண்டால், இருப்புக்கான 500 மில்லிகிராமையும் சேர்த்துச் சுமார் 980 மில்லிகிராம் தேவைப்படும். அரிதாக ஒவ்வாமை ஏற்படலாம் என்பதால் இது மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே செலுத்தப்படுகிறது.

இரத்தமேற்றல்: இரத்தப்போக்கு நீடித்தாலோ, ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழ் சென்றாலோ, அறிகுறிகள் கடுமையானாலோ இரத்தம் ஏற்றுவது பரிசீலிக்கப்படும்.

தொடர் கவனிப்பு

வழக்கமான அளவில் இரும்பு மாத்திரை உண்ணும் தாய் தயக்கமின்றிப் பாலூட்டலாம். ஹீமோகுளோபின் இயல்பு நிலைக்கு வந்தவுடன் மாத்திரையை நிறுத்துவது பரவலான தவறு. அப்போது இரத்தம் சீராகியிருக்கும், இருப்பு நிரம்பியிருக்காது. இருப்பு நிரம்பப் பொதுவாக மேலும் 3 மாதங்கள் மாத்திரையைத் தொடர வேண்டும். இல்லையெனில் அடுத்த கர்ப்பம் குறைந்த இருப்புடனேயே தொடங்கும். அளவுக்கு மீறிய இரும்பு சிறு குழந்தைகளுக்கு நஞ்சாகும் என்பதால், வீட்டிலுள்ள மூத்த குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் மாத்திரைகளை வைக்க வேண்டும்.