பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டு வருமானமா?

பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2023 ஜூலை 24 அன்று தருமபுரி மாவட்டம் தொப்பூரில்தான் தொடங்கிவைத்தார். செப்டம்பர் 15 அன்று திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 1.63 கோடி விண்ணப்பங்களில் ஏற்கப்பட்டவை 1.06 கோடி. மற்றவர்களுக்கு 18ஆம் தேதி முதல் நிராகரிப்புக்கான காரணம் குறுஞ்செய்தியாக வந்தது.

காரணம் வந்தது, கணக்கு வரவில்லை.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது முதல் தகுதி. நஞ்சை ஐந்து ஏக்கர், புஞ்சை பத்து ஏக்கர், மின்சாரம் 3,600 யூனிட் என்ற வரம்புகளும் உண்டு. நிலத்துக்குப் பட்டா இருக்கிறது, மின்சாரத்துக்கு மீட்டர் இருக்கிறது. வருமானத்துக்கு என்ன இருக்கிறது? சான்று எதையும் இணைக்க வேண்டாம் என்று அரசு சொன்னது; தாலுகா அலுவலகத்துக்கு அலையும் வேலை மிச்சமானது, நல்ல முடிவுதான். ஆனால் தன் வருமானம் எவ்வளவு என்று எழுதப்பட்டது, எப்படி வந்தது என்பது விண்ணப்பித்தவருக்குத் தெரியாமலே போனது.

தருமபுரி மாவட்டத்தில் வருமானம் மாதாமாதம் ஒரே அளவில் வருவதில்லை. பென்னாகரம், அரூர் பக்கம் மானாவாரிக் காடுகளில் மழை பெய்தால் ராகி, சாமை, துவரை. அது முடிந்தால் பெங்களூருக்குக் கட்டட வேலை அல்லது திருப்பூர் பனியன் கம்பெனி. பாலக்கோடு தக்காளி ஒரு வாரம் கை நிறையப் பணம் தரும்; இன்னொரு வாரம் பறிகூலிக்கே கட்டாது. ஒரு குடும்பத்தில் கணவனும் மகனுமாக மாதம் 22,000 ரூபாய் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டால் பெருக்கினால் 2,64,000, வரம்பைத் தாண்டிவிட்டது. உண்மையில் வேலை கிடைத்தது எட்டு மாதம் என்றால் 1,76,000. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் அந்த வீட்டுப் பெண்ணின் மாதம் ஆயிரம் ரூபாய் நிற்கிறது.

இன்னொரு சிக்கல், குடும்ப அட்டையில் பெயர் உள்ள எல்லோரும் ஒரே குடும்பம் என்பது. கல்யாணமாகி ஓசூரில் தனியே வாழும் மகன் பெயரை நீக்காமல் விட்டிருந்தால், அவன் சம்பளமும் தாயின் கணக்கில் ஏறும்.

வீடு கேட்டுப் போனால் அளவுகோலே வேறு. பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் குடும்பத்தில் யாராவது ஒருவர் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தால் தகுதியில்லை என்றிருந்தது. 2024இல் அதை 15,000 ஆக்கினார்கள். இங்கே ஒரு நபரின் மாதம், அங்கே குடும்பத்தின் ஆண்டு. ஒரே வீடு ஒரு திட்டத்தில் ஏழை, இன்னொன்றில் வசதியானது.

வருமானத்தைச் சமமாகப் பரப்பிக் கணக்கிடும் சிக்கல் வெளிநாட்டிலும் வந்தது. ஆஸ்திரேலியாவில் உதவித்தொகை பெற்றவர்களின் ஆண்டு வருமானத்தை இரு வாரக் கூறுகளாகச் சமமாகப் பிரித்து, அதிகம் வாங்கிவிட்டீர்கள் என்று கடன் நோட்டீஸ் அனுப்பினார்கள். அப்படிப் போட்ட கடன் செல்லாது என்று 2019இல் கூட்டாட்சி நீதிமன்றம் அறிவித்தது. பிரிட்டனில் வாடகை உதவி தரும் உள்ளாட்சி மன்றங்கள் வாரச் சம்பளக்காரருக்கு முந்தைய ஐந்து வாரத்தையும், மாதச் சம்பளக்காரருக்கு இரண்டு மாதத்தையும் எடுத்துக்கொள்கின்றன. சம்பளம் ஏறி இறங்கினால், சரியான சராசரி தரும் வேறு காலத்தை எடுக்க விதி இடம் தருகிறது. முடிவுக்கான காரணங்களை எழுத்தில் கேட்கலாம். ஒப்பாவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

நம்மிடமும் மேல்முறையீடு இருந்தது. 30 நாளுக்குள் இ-சேவை வழியாகக் கோட்டாட்சியருக்கு மனு. அவர் 30 நாளில் முடிக்க வேண்டும். அப்படிப் போராடி வாங்கியவர்கள் உண்டு. 2025 டிசம்பரில் இரண்டாம் கட்டமாக ஏறத்தாழ 17 லட்சம் பேர் சேர்ந்தார்கள். ஆனால் எந்த எண்ணை மறுக்கிறோம் என்று தெரியாமல் எழுதும் மனுவில், 'நாங்கள் ஏழைகள்' என்பதற்கு மேல் என்ன எழுத முடியும்? நிராகரிப்புச் செய்தியில் யாருடைய வருமானம், எத்தனை மாதத்துக்கு, மொத்தம் எவ்வளவு என்ற மூன்றையும் அரசு தர வேண்டும். கணக்குப் போட்டவர்களிடம் இருக்க வேண்டிய தகவல்தானே இது.

அதுவரை தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். 'என் குடும்பத்துக்குக் குறித்த ஆண்டு வருமானம் எவ்வளவு, எந்தெந்த மாதங்களை வைத்து?' என்று கேளுங்கள். பதில் வந்ததும், சம்பளம் ஏறிய வங்கிப் பாஸ்புக் நகலையும் நூறு நாள் வேலை அட்டை நகலையும் இணைத்து மனு கொடுங்கள். தனிக்குடித்தனம் போன மகன் பெயரை அதற்கு முன்பே அட்டையிலிருந்து நீக்கிவிடுங்கள்.