மணி மணியாய் உதிரும் கிட்டார்: மிட்வெஸ்ட் எமோவின் கதை

எமோ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது நெற்றியில் விழும் கறுப்பு முடி, கண்ணைச் சுற்றித் தீட்டிய மை, ‘மை கெமிக்கல் ரொமான்ஸ்’ குழுவின் வீடியோக்கள். அந்தக் கோலம் 2000-களில் பரவியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில், எந்த வேஷமும் போடாத கல்லூரி மாணவர்கள் வேறொரு எமோவை வாசித்துக்கொண்டிருந்தார்கள். இன்று ‘மிட்வெஸ்ட் எமோ’ என்று அழைக்கப்படுவது அதுதான்.

வேர் வாஷிங்டனில்

1980-களின் நடுவில் வாஷிங்டன் நகரின் ஹார்ட்கோர் பங்க் இசை வேகத்துக்கும் கோபத்துக்கும் பெயர்போனது. கச்சேரிகளில் அடிதடி சகஜம். அதில் சலிப்புற்ற சிலர் வேகத்தை வைத்துக்கொண்டு பாடுபொருளை மாற்றினார்கள். ‘ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்’ குழு 1985-இல் வெளியிட்ட ஆல்பத்தில் அரசியல் முழக்கத்தின் இடத்தைச் சொந்த இழப்பும் நினைவும் பிடித்தன. ஆல்பத்தை வெளியிட்ட டிஸ்கார்ட் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான இயன் மெக்காய், ‘எம்ப்ரேஸ்’ என்ற குழுவில் இதே வழியில் போனார். இந்த இசைக்கு ‘எமோ’ என்ற முத்திரை விழுந்தபோது அவருக்கே அது பிடிக்கவில்லை.

சிகாகோவைச் சுற்றி

அந்தப் பொறி நடுமேற்கில் பற்றியதற்கு முக்கியக் காரணம் ‘கேப்’ன் ஜாஸ்’. 1989-இல் சிகாகோவின் புறநகரில் பள்ளிப் பையன்கள் சேர்ந்து தொடங்கிய குழு. டிம் கின்செல்லா சுருதி விலகுவதைப் பற்றிக் கவலைப்படாமல் கத்திப் பாடினார். தம்பி மைக் டிரம்ஸ் வாசித்தார். விக்டர் வில்லாரியலின் கிட்டார் ஓரிடத்தில் நிற்காமல் துள்ளியது. 1995-இல் ஒரே ஒரு முழு ஆல்பம். அதே ஆண்டு குழு கலைந்தது. ஆனால் அதிலிருந்து கிளைத்தவை ஏராளம். கிட்டார் கலைஞர் டேவி வான் போலன் மில்வாக்கியில் ‘தி ப்ராமிஸ் ரிங்’ குழுவை வளர்த்தார். டிம் ‘ஜோன் ஆஃப் ஆர்க்’ தொடங்கினார். மைக் பின்னாளில் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ குழுவின் பாடகரானார்.

இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் இருக்கும் ஷாம்பெய்ன்–அர்பானா இரட்டை நகரிலிருந்து ‘ப்ரெய்ட்’ வந்தது. அதன் 1998 ஆல்பமான ‘ஃபிரேம் அண்ட் கேன்வாஸ்’, ப்ராமிஸ் ரிங்கின் 1997 ஆல்பமான ‘நத்திங் ஃபீல்ஸ் குட்’ இரண்டையும் தயாரித்தவர் வாஷிங்டனின் ‘ஜாபாக்ஸ்’ குழுவைச் சேர்ந்த ஜே. ராபின்ஸ். பழைய ஊருக்கும் புதிய ஊருக்கும் இடையே இருந்த தொடர்புக்கு அவரே சான்று. கான்சஸ் சிட்டியின் ‘தி கெட் அப் கிட்ஸ்’ இதே இசையை எளிய, இனிய மெட்டுகளாக்கியது. பிறகு உலகப் புகழ்பெற்ற ‘ஃபால் அவுட் பாய்’ அந்தக் குழுவுக்குத் தான் பட்ட கடனை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது.

சுற்றிலும் சோள வயல்கள் விரிந்த இந்த ஊர்களில் பெரிய அரங்குகள் குறைவு. மாணவர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த பழைய வீடுகளின் நிலவறைகளே மேடையாயின. ரசிகர்கள் தாங்களே அச்சடித்த சிற்றிதழ்கள் விளம்பரப் பலகையாயின. டான்வில் என்ற சிற்றூரில் அப்படியொரு இதழாகத் தொடங்கியதுதான் பாலிவினைல். பின்னர் இந்த வகையின் முக்கியமான வெளியீட்டு நிறுவனமாக அது வளர்ந்தது.

ஒலி எப்படி உருவாகிறது?

கிட்டாரின் ஆறு தந்திகள் வழக்கமாக ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி சேர்க்கப்படும். அவற்றில் மூன்றை மட்டும் சற்றே ஏற்றியோ இறக்கியோ எஃப், ஏ, சி, ஜி, சி, ஈ என்று மாற்றினால், விரலே வைக்காமல் மீட்டினாலும் ஒரு கனவுத்தன்மையுள்ள ஒத்திசைவு பிறக்கும். அதை மகிழ்ச்சி என்றும் சொல்ல முடியாது, துயரம் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்கன் ஃபுட்பாலின் ‘நெவர் மென்ட்’ பாடல் இந்தச் சுருதியில் அமைந்தது. இன்று இணையத்தில் கிட்டார் பழகுபவர்கள் இந்த வகையை அறிமுகம் செய்துகொள்வதே பெரும்பாலும் அந்தப் பாடல் வழியாகத்தான்.

கார்டுகளை, அதாவது சுரக்கூட்டுகளை, மொத்தமாக அடிப்பதற்குப் பதிலாக ஒவ்வொரு சுரமாகச் சிதறவிடுவது அடுத்த அடையாளம். இரண்டு கிட்டார்கள் வெவ்வேறு சுற்றுகளை வாசித்து ஒன்றின் இடைவெளியை மற்றொன்று நிரப்பும். இதில் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரீக்கின் தாக்கம் உண்டு. நான்கு எண்ணிக்கையில் அடங்காத தாளங்களும் அடிக்கடி வரும். கர்நாடக இசையின் கண்ட சாபுவும் மிஸ்ர சாபுவும் கேட்டுப் பழகிய காதுக்கு அவை அந்நியமாக இருக்காது. இத்தனை நுணுக்கத்துக்கும் மேலே ஒலிப்பது பயிற்சியற்ற, தயங்கும் ஒரு குரல். வித்தையும் வெகுளித்தனமும் அருகருகே நிற்கும் இந்த முரண்தான் வகையின் உயிர்.

கலைந்த பிறகு வந்த புகழ்

அமெரிக்கன் ஃபுட்பால் தன் முதல் ஆல்பத்தை 1999 செப்டம்பரில் வெளியிட்டது. டிரம்ஸ் வாசித்த ஸ்டீவ் லாமோஸ் அதில் டிரம்பெட்டும் வாசித்தார். படிப்பு முடிந்ததும் குழுவின் மூவரும் பிரிந்தார்கள். ஆல்பம் மட்டும் செவிவழியாகவும் இணையம் வழியாகவும் பயணம் செய்தது. 2000-களின் இறுதியில் பென்சில்வேனியாவின் ‘அல்ஜெர்னான் கட்வாலடர்’, மிச்சிகனின் ‘எம்பயர்! எம்பயர்!’ போன்ற குழுக்கள் இந்த ஒலியை மீட்டெடுத்தன. இதனால் மிட்வெஸ்ட் என்பது இடப்பெயராக இல்லாமல் பாணியின் பெயராகிவிட்டது. கலிபோர்னியாவின் ‘மாம் ஜீன்ஸ்’ குழுவையும் ரசிகர்கள் இந்த வரிசையில்தான் சேர்க்கிறார்கள். 2014-இல் அமெரிக்கன் ஃபுட்பால் மீண்டும் மேடையேறியது. முதல் ஆல்பத்தின் அட்டையில் உள்ள அர்பானா வீட்டை 2023-இல் குழுவும் பாலிவினைலும் வேறு சிலருடன் சேர்ந்து வாங்கின.

குறையும் உண்டு. இந்தப் பாடல்களில் பெரும்பாலும் பேசுவது ஆண். பெண், விட்டுப்போனவளாக மட்டுமே வருகிறாள். இசை விமர்சகர் ஜெசிகா ஹாப்பர் 2003-இல் ‘பங்க் பிளானட்’ இதழில் எழுதிய கட்டுரை இதைக் கடுமையாகச் சாடியது. விஸ்கான்சினின் ‘ரெய்னர் மரியா’ குழுவில் கெய்த்லின் டி மராய்ஸ் பாடியது போன்ற விதிவிலக்குகள் அன்று மிகச் சில. பின்னாளில், அமெரிக்கன் ஃபுட்பாலின் 2019 ஆல்பத்தில் பாடகிகள் ஹேலி வில்லியம்ஸ், ரேச்சல் காஸ்வெல் இருவரும் பாடியிருக்கிறார்கள்.

புதிதாகக் கேட்க விரும்புபவர்கள் அமெரிக்கன் ஃபுட்பாலின் 1999 ஆல்பத்தில் தொடங்கி, ‘ஃபிரேம் அண்ட் கேன்வாஸ்’ பக்கம் போகலாம். கேப்’ன் ஜாஸைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது. அந்தக் கூச்சலுக்குக் காது பழகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.