டர்பைன் முதல் சேது வரை: பெண்கள் கால்பந்தின் கதை



டர்பைன் என்றால் என்ன என்று நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். துறைமுகத்துப் பக்கம் போனால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். உள்ளே நீராவியின் வேகத்தில் சுற்றுகிற இயந்திரம்தான் டர்பைன். அது சுற்றினால்தான் நம் வீட்டில் பல்பு எரியும். ஆனால் அதே பெயரில் ஒரு கால்பந்துக் கழகம் இருக்கிறது, அதுவும் பெண்கள் கழகம் என்று சொன்னால் நம்புவீர்களா? ஜெர்மனி நாட்டில் இருக்கிறது. பெயர் ‘டர்பைன் போட்ஸ்டாம்’. அந்தக் கழகத்தின் கதையையும், நம் மதுரையின் ‘சேது எஃப்.சி.’ கதையையும் இங்கே எழுதுகிறேன். இரண்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

தடை போட்ட காலம்

“பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு பந்து?” என்று கேட்பது எங்க ஆச்சி மட்டும் இல்லை. வெள்ளைக்காரர்களும் அப்படித்தான் கேட்டார்கள். முதல் உலகப் போர் நடந்தபோது இங்கிலாந்தில் ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். தொழிற்சாலையில் குண்டு தயாரிக்கும் வேலையைப் பெண்கள் செய்தார்கள். மதிய இடைவேளையில் பந்தும் ஆடினார்கள். பிரஸ்டன் நகரத்தில் ‘டிக் கெர்’ என்ற தொழிற்சாலைப் பெண்களின் அணி ரொம்பப் பிரபலம். 1920 டிசம்பர் 26-ல் லிவர்பூல் நகரத்தில் அவர்கள் ஆடியதைப் பார்க்க சுமார் 53,000 பேர் வந்தார்கள். அடுத்த வருடமே, 1921 டிசம்பரில், இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் பெண்களுக்குத் தன் கழகங்களின் மைதானங்களைத் தரக்கூடாது என்று தடை போட்டது. கால்பந்து பெண்களுக்குப் பொருத்தமில்லாத விளையாட்டாம்! சுமார் 50 வருடம் அந்தத் தடை இருந்தது.

மேற்கு ஜெர்மனியிலும் இதே கதைதான். 1955-ல் தடை, 1970-ல் நீக்கம். நீக்கிய பிறகும் முழு மனது இல்லை. ஆட்ட நேரம் ஆண்களைவிடக் குறைவு, பந்து சின்னது, அடியில் குமிழ் வைத்த பூட்ஸ் போடக்கூடாது, குளிர்காலத்தில் ஆடக்கூடாது என்று ஏகப்பட்ட நிபந்தனைகள்.

அறிவிப்புப் பலகையில் பிறந்த அணி

அப்போது ஜெர்மனி இரண்டு நாடாகப் பிரிந்து கிடந்தது. போட்ஸ்டாம் நகரம் கிழக்கு ஜெர்மனியில் இருந்தது. அங்கே நம்ம மின்வாரியம் மாதிரி ஒரு மின்சார நிறுவனம். 1970-ஆம் ஆண்டு முடிகிற சமயத்தில் அந்த நிறுவனத்தின் அறிவிப்புப் பலகையில் யாரோ ஒரு காகிதத்தை ஒட்டினார்கள். பெண்கள் கால்பந்து அணி தொடங்கப்போகிறோம், விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்பதுதான் விஷயம். சிலர் விளையாட்டுக்கு எழுதியது என்று நினைத்தார்கள். ஆனால் பெண்கள் நிஜமாகவே வந்துவிட்டார்கள்!

1971 மார்ச் 3-ல் அணி தொடங்கியது. மின்சார நிறுவன அணி என்பதால் ‘டர்பைன்’ என்ற பெயர். அதே நிறுவனத்தில் வேலை பார்த்த பெர்ன்ட் ஷ்ரோடர் பயிற்சியாளர் ஆனார். இடையில் சில வருடங்கள் தவிர, 2016 வரை அவரேதான் பயிற்சி கொடுத்தார். ஒரு பயிற்சியாளரின் வாழ்நாள் உழைப்பு என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

கிழக்கு ஜெர்மனியில் 6 முறை டர்பைன்தான் சாம்பியன். ஆனால் அந்த நாட்டின் பெண்கள் தேசிய அணி மொத்தம் ஆடியது எத்தனை ஆட்டம் தெரியுமா? ஒன்றே ஒன்று! 1990 மே 9-ல், போட்ஸ்டாம் நகரத்திலேயே, செக்கோஸ்லோவாக்கியாவுடன் ஆடி 0-3 என்று தோற்றார்கள். அதே வருடம் இரண்டு ஜெர்மனியும் ஒன்றாகிவிட்டதால் அந்த அணிக்கு இரண்டாவது ஆட்டமே இல்லை. எத்தனையோ திறமைசாலிகளுக்கு நாட்டுக்காக ஆடும் வாய்ப்பு தாமதமாகவே வந்தது, வந்ததும் முடிந்தும் போனது.

டர்பைன் மட்டும் அழியவில்லை. ஒன்றுபட்ட ஜெர்மனியின் முதல் பிரிவு லீக்கிலும் 2004 முதல் 2012 வரை 6 முறை சாம்பியன். 2005-ல் ஐரோப்பாவிலேயே சிறந்த அணி. 2010-ல் மறுபடியும். அந்த இறுதி ஆட்டத்தில் பிரான்சின் லியோன் அணியுடன் கோல் எதுவும் விழாமல், பெனால்ட்டியில் 7-6 என்று ஜெயித்தார்கள். பிறகு பெரிய ஆண்கள் கழகங்கள் எல்லாம் பணம் போட்டுப் பெண்கள் அணி வைத்ததும், டர்பைன் போன்ற தனிக் கழகங்கள் திணற ஆரம்பித்தன. 2023-ல் முதல் பிரிவிலிருந்தே கீழே இறங்க வேண்டியதாயிற்று. விளையாட்டில் ஏற்றமும் இறக்கமும் சகஜம்தானே.

நம் நாட்டில்

இந்தியாவில் பெண்கள் கால்பந்துக்கு 1975-ல்தான் தனிச் சம்மேளனம் ஏற்பட்டது. ஐந்தே வருடத்தில், 1980 ஜனவரியில், பக்கத்து மாநிலமான கேரளாவின் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் நம் பெண்கள் இரண்டாம் இடம் பிடித்தார்கள். 1983-லும் இரண்டாம் இடம். அதற்குப் பிறகு ஆதரவு குறைந்து, மற்ற நாடுகள் முன்னால் போய்விட்டன. தேசியப் போட்டி என்றாலே மணிப்பூர்தான் ஜெயிக்கும் என்ற நிலைமை பல வருடம் இருந்தது.

அந்த மணிப்பூரை 2018 பிப்ரவரியில் ஒடிசாவின் கட்டாக்கில் 2-1 என்று தோற்கடித்து, முதல்முறையாக தேசிய சாம்பியன் ஆனது யார்? நம் தமிழ்நாடு! 2023-ல் அமிர்தசரசில் ஹரியானாவை வென்று இரண்டாவது முறையும் பட்டம் பெற்றோம். கிரிக்கெட்டில் யார் எத்தனை ரன் என்று ஒப்பிக்கிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கடலூர் காட்டிய வழி

இந்த வெற்றிக்குப் பின்னால் நம்மைப் போன்ற ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது. அதுதான் கடலூர். 2004 டிசம்பர் 26 சுனாமியில் ரொம்பப் பாதிக்கப்பட்ட ஊர். அங்கே மாரியப்பன் என்ற பயிற்சியாளர் பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக் கொடுத்தார். சுனாமியில் பாதித்த குடும்பத்துப் பிள்ளைகளும் அவரிடம் ஆடினார்கள். அங்கிருந்து வந்த ‘இந்திரா காந்தி’ அகாடமி அணி, இந்தியப் பெண்கள் லீக்கிலேயே ஆடியிருக்கிறது.

கடலூர்க்காரரான இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்கள வீராங்கனையாக விளங்கியவர். தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டரும் ஆனார். “பந்து ஆடினா சோறு கிடைக்குமா?” என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

மதுரையின் சேது

இந்தியப் பெண்கள் லீக் 2016-17-ல் தொடங்கியது. முதல் பட்டம் மணிப்பூர் அணிக்கு, இரண்டாவது பட்டம் ஒடிசா அணிக்கு. மதுரையின் சேது எஃப்.சி. இரண்டாவது வருடம் ஷில்லாங்கில் நடந்தபோது முதன்முதலாக உள்ளே வந்தது. அடுத்த வருடமே சாதித்துவிட்டது! 2019 மே 22-ல் லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றது. இந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் தென்னிந்தியக் கழகம் சேதுதான். அப்போது பயிற்சியாளர் அமிர்தா அரவிந்த் என்ற பெண்மணி. நேபாளத்தின் சபித்ரா பண்டாரி கோல் மழை பொழிந்தார். இந்துமதி, சந்தியா ரங்கநாதன் போன்ற நம் மாநில வீராங்கனைகளும் சேது சட்டை போட்டு ஆடியவர்கள்தான்.

2022-ல் புவனேஸ்வரில் சேதுவும் கேரளாவின் கோகுலமும் கடைசி ஆட்டம்வரை தோல்வியே காணாமல் வந்தன. கடைசியில் நேருக்கு நேர் மோதியதில் கோகுலம் 3-1 என்று ஜெயித்தது. சேதுவுக்கு இரண்டாம் இடம்.

ஒரு குறையும் உண்டு. ஆரம்ப வருடங்களில் லீக் முழுவதும் ஒரே ஊரில், சில வாரங்களில் முடிந்துவிடும். மிச்ச மாதங்களில் வீராங்கனைகளுக்கு ஆட்டம் ஏது? 2023-24-லிருந்துதான் சொந்த ஊரில் ஒரு ஆட்டம், எதிரணியின் ஊரில் ஒரு ஆட்டம் என்ற முறை வந்தது. ஆட ஆடத்தானே ஆட்டம் வளரும்? 2025 ஜூலையில் இந்தியப் பெண்கள் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து உள்ளே போனது அதுவே முதல் முறை.

நமக்கு என்ன சம்பந்தம்?

நம் ஊர் முத்துக்குளித்துறை என்று பேர் பெற்றது. அந்தக் காலத்தில் சிப்பியை மலை மலையாக அள்ளி வந்து கரையில் கொட்டுவார்களாம். அத்தனையையும் திறந்து பார்த்தால்தான் சில முத்துக்கள் கிடைக்கும். பத்துச் சிப்பி எடுத்துவிட்டு, முத்து இல்லை என்று சொல்ல முடியுமா? ஆயிரம் பெண்கள் ஆடினால்தான் ஒரு இந்துமதி வருவார்.

திரேஸ்புரம், இனிகோ நகர்ப் பக்கம் பையன்கள் மணலில் பந்து ஆடிப் பழகுகிறார்கள். அவர்களின் தங்கைகள் கரையில் நின்று பந்து பொறுக்கிப் போடுகிறார்கள். நம் பள்ளியிலும் கேம்ஸ் பீரியட் வந்தால் பந்து பையன்களுக்கு, வளையம் பெண்களுக்கு. எட்டாம் வகுப்பு தாண்டினால் அந்த வளையமும் கிடையாது, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டு எழுதுகிறோம். இதை யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

ஆகவே பி.டி. சாருக்கும், பி.டி. மிஸ்ஸுக்கும் பணிவான ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரே ஒரு கேம்ஸ் பீரியட் பெண்களுக்கு மைதானமும் ஒரு பந்தும் தாருங்கள். பூட்ஸ் வேண்டாம், வெறுங்காலோடு ஆடுகிறோம்.

தோழிகளே! ஜெர்மனியில் ஒரு அணி அறிவிப்புப் பலகையில் ஒட்டிய காகிதத்தில்தான் பிறந்தது. இந்தச் சுவர்ப் பத்திரிகையும் ஒரு காகிதம்தான். கீழே 11 கோடுகள் போட்டு வைத்திருக்கிறேன். முதல் கோட்டில் என் பெயர் இருக்கிறது. மீதி பத்துக் கோடுகளும் உங்களுக்காக. பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், தயவுசெய்து யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்!

– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி